பிளஸ் டூ முடிந்தது, அடுத்தது என்ன? வாசகர் கேள்வி - பதில்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கொங்கு மாவட்டங்களிலிருந்து வரும் கேள்விகளில் முக்கால்வாசி கல்லூரிச் சேர்க்கை பற்றியவைதான். அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

நானும் வீட்டுக்காரியும் தறி ஓட்டறோமுங்க. பொண்ணு ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்தான். 600-க்கு 468 வாங்கியிருக்குது. மேத்ஸ் குரூப். இன்ஜினீயரிங்கா, பி.எஸ்ஸி.யான்னு இன்னும் முடிவு பண்ணல. "கவுன்சிலிங்குக்குப் போடுங்க"ன்னு எல்லாருஞ் சொல்றாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கோணுமுங்க?
*- விசைத்தறித் தொழிலாளி, பள்ளிபாளையம்*

இரண்டுக்கும் போட்டு வையுங்கள். எதைப் படிப்பது என்று ஜூன், ஜூலையில்கூட முடிவு செய்யலாம். விண்ணப்பக் கடைசி நாள் போய்விட்டால் அந்த வருடத்துக்கு அவ்வளவுதான். பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ஆன்லைன் கலந்தாய்வு. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி இணையதளம், தனி விண்ணப்பம். ஒன்றில் போட்டால் மற்றொன்றுக்கும் சேர்த்துப் போட்டதாக ஆகாது. பொறியியலுக்குப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 250. அரசுக் கலைக் கல்லூரிக்கு 50 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 2 ரூபாய் மட்டும்.

468 என்ற மொத்த மதிப்பெண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பொறியியலுக்கு 200-க்குக் கட்-ஆஃப் கணக்கு. கணக்குப் பாட மதிப்பெண் முழுதாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணக்கில் 78, இயற்பியலில் 72, வேதியியலில் 80 என்றால் 78 + 36 + 40 = 154. கலைக் கல்லூரியில் மொழிப் பாடங்களைத் தள்ளிவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400-க்குப் பார்த்து வரிசை போடுவார்கள். தமிழ், ஆங்கில இலக்கியத்துக்கு மட்டும் அந்தந்த மொழி மதிப்பெண்.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்பதுதான் உங்கள் வீட்டின் பெரிய பலம். பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது, தனியார் கல்லூரியாக இருந்தாலும். ஆனால் அந்த ஒதுக்கீட்டின் கீழ் கிடைத்த இடத்துக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. அதனால் விண்ணப்பத்தில் 'ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று பதிவாகியிருக்கிறதா, ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பள்ளிகளின் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பார்க்க வேண்டும். பிள்ளையின் எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்ணை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். நடுவில் ஒரு வருடம் வேறு பள்ளியில் படித்ததை எமிஸில் மாற்றாமல் விட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது சான்றிதழ். சாதி, வருமானம், முதல் பட்டதாரி (குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளை என்ற சான்று) மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதலில் ஆதாரையும் செல்பேசி எண்ணையும் கொடுத்து 'கேன்' எண் (இ-சேவையில் உங்களுக்கான பதிவு எண்) ஒன்று வாங்க வேண்டும். மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாலுகா அலுவலகத்துக்குப் போகும். மே, ஜூனில் எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் போடுவதால் வி.ஏ.ஓ. மேசையிலேயே மனு தேங்கும். எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று பொதுவாகக் கேட்பதில்லை. அதற்கு அலைய வேண்டாம்.

மனு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். மதிப்பெண் பட்டியலில் 'கௌசல்யா மு', ஆதாரில் 'முருகேசன் கௌசல்யா', பேங்க் பாஸ்புக்கில் 'கவுசல்யா எம்' என்று மூன்று விதமாக இருக்கும். மதிப்பெண் பட்டியலில் இருப்பதை மூலமாக வைத்து, ஆதாரை முதலில் மாற்றுங்கள். அதன் பிறகு பேங்க் கணக்கு.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது அவர்களுடைய செல்பேசி எண்ணையோ மின்னஞ்சலையோ போட விடாதீர்கள். கலந்தாய்வு முழுக்க ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்ய இரண்டே நாள்தான் கிடைக்கும். அந்த இரண்டு நாளில் கடைக்காரர் ஊரில் இல்லை என்றால் பிள்ளையின் இடம் போய்விடும். அரசுப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகள் பலவற்றில் கலந்தாய்வு உதவி மையம் இருக்கிறது. அங்கே கூட்டிப் போனால் விண்ணப்பம் பதிவு செய்து தருவார்கள்.

மூத்த பொண்ணு முதல் பட்டதாரி சலுகையில இன்ஜினீயரிங் படிக்குது. இப்பப் பையனுக்கும் வாங்கலாமுங்களா?
*- நாமக்கல் வாசகர்*

முடியாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேருகிற பிள்ளைக்கும் இந்தச் சலுகை இல்லை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால்தான் கிடைக்கும். பையன் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பாருங்கள். அதற்கு இந்தக் 'குடும்பத்தில் ஒருவர்' கட்டுப்பாடு கிடையாது.

அரசு மேல்நிலைப் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பு எனக்கு. கூட்டம் போடுகிறோம், படம் காட்டுகிறோம், வாட்ஸ்அப் குழுவில் எல்லாத் தகவலும் அனுப்புகிறோம். ஆனாலும் ஆகஸ்டில் கணக்கெடுத்தால் பாதிப் பிள்ளைகள் எங்கும் சேரவில்லை. வழிகாட்டுதலால் உண்மையிலேயே சேர்க்கை கூடுமா? இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா?
*- முதுகலை ஆசிரியை, அந்தியூர்*

அமெரிக்காவில் நன்றாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் உங்கள் பள்ளிக்கும் பொருந்தும்.

அங்கே ஏழைப் பிள்ளை கல்லூரி உதவித்தொகை பெற மத்திய அரசின் நீண்ட படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். ஒஹையோ மாநிலத்திலும் வட கரோலினாவின் ஷார்லட் நகரத்திலும், எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வருமான வரி உதவி அலுவலகத்துக்கு வந்த குறைந்த வருமானக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு, வரிக் கணக்கு எழுதிய கையோடு அந்தப் படிவத்தையும் அங்கேயே உட்கார வைத்து நிரப்பிக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு 'உங்களுக்கு இவ்வளவு உதவி கிடைக்கும்' என்ற தகவலை மட்டும் தந்தார்கள். 2012-ல் வெளியான முடிவு இது: படிவம் நிரப்பித் தந்த குடும்பங்களில், அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டு கல்லூரிப் படிப்பை முடித்த பள்ளிப் பிள்ளைகள் 28 சதவீதத்திலிருந்து 36 சதவீதமாக உயர்ந்தார்கள். தகவல் மட்டும் பெற்றவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் ஆய்வு 2021-ல் வந்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு உதவித்தொகை பற்றிக் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் என்று நினைவூட்டல்கள் அனுப்பிப் பார்த்தார்கள். சேர்க்கை கூடவே இல்லை. உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு நடப்பதும் இதுதான். செய்தி போய்ச் சேருகிறது. ஆனால் அதை வைத்து அடுத்த வேலையைச் செய்ய வீட்டில் தெரிந்த ஆள் இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகம் வேறொன்றைச் செய்தது. நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு, 'நீ சேர்ந்தால் நான்கு வருடமும் கல்விக் கட்டணம் கிடையாது, இது உறுதி' என்று கடிதம் அனுப்பியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எப்படியும் கிடைத்திருக்கக்கூடிய உதவிதான் அது. ஆனால் கடிதம் பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், பெறாதவர்களில் 26. அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் 27 சதவீதமும் 12 சதவீதமுமாக இருந்தார்கள். 'கிடைக்கலாம்' என்று சொல்வதற்கும் 'உனக்குக் கிடைக்கும், பணம் கட்ட வேண்டாம்' என்று பெயர் எழுதிக் கொடுப்பதற்கும் இவ்வளவு வித்தியாசம். மாசசூசெட்ஸ், நியூயார்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தனித்தனி ஆலோசகரைப் பள்ளியின் கடைசி வருடத்திலிருந்து கல்லூரிக் காலம் முழுக்கத் துணைக்கு வைத்த 'பாட்டம் லைன்' என்ற அமைப்பையும் ஆராய்ந்தார்கள். அங்கே சேர்க்கையும் கூடியது, பட்டம் முடித்தவர் எண்ணிக்கையும் கூடியது.

உங்கள் பள்ளிக்கு இதை எப்படிக் கொண்டு வருவது? கூட்டத்தைக் குறைத்து, பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளரை வையுங்கள். பொறுப்பாளர் ஒருவருக்கு முப்பது பிள்ளைகளுக்கு மேல் போனால் கை மீறிவிடும். பிளஸ் டூ எடுக்கும் ஆசிரியர்கள் போதாது என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவினர், ஊரில் கல்லூரி படித்துக்கொண்டிருக்கும் முன்னாள் மாணவ மாணவியர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நீள நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார் பெயர் ஒத்துப் போகிறதா, ஓ.டி.பி. வரும் எண் யாருடையது, விண்ணப்ப எண், தரவரிசை எண், ஒதுக்கீடு, பணம் கட்டக் கடைசி நாள், சேர்ந்தது. 'சேர்ந்தது' என்ற கட்டத்தில், கல்லூரி தந்த போனஃபைடு சான்றைக் கண்ணால் பார்த்த பிறகே டிக் அடிக்க வேண்டும். விண்ணப்பித்ததையே சேர்ந்ததாக எழுதிக்கொள்வதால்தான் ஆகஸ்டில் கணக்கு உதைக்கிறது.

சான்றிதழ் வேலையை நவம்பரில் முடித்துவிடுங்கள். அப்போது தாலுகா அலுவலகத்தில் கூட்டம் இருக்காது. வருமானச் சான்று ஒரு வருடம் செல்லும், சேர்க்கைக்குப் போதும்.

நாங்கள் கவனித்தவரை ஓட்டை இருப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில். ஜூனில் பள்ளி திறந்ததும் ஆசிரியர்களின் கவனம் புது வகுப்புக்குப் போய்விடுகிறது. போன வருடப் பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பிலும் இல்லை, கல்லூரியின் பொறுப்பிலும் இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். இடம் உறுதியான பிள்ளைகளிலேயே நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் அந்தக் கோடை விடுமுறையில் நழுவிப் போகிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் பொறுப்பாளர்கள் ஜூனிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை வாரம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் செய்ய வேண்டும். 'எப்படி இருக்கே கண்ணு' என்று ஆரம்பித்தாலும், 'இந்த வாரம் என்ன கட்டோணும், எங்க போகோணும்' என்பதில்தான் முடிய வேண்டும். ஒதுக்கீடு வந்த அன்றும் அடுத்த நாளும் பெற்றோரோடும் பேசுங்கள். பெண் பிள்ளை என்றால் விடுதி, பஸ் இரண்டையும் அம்மாவிடமே விளக்க வேண்டும். படிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பர்கூர், தாமரைக்கரைப் பக்கத்துப் பிள்ளையை ஈரோட்டில் எங்கே தங்க வைப்பது என்று தெரியாமல்தான் தயங்குகிறார்கள்.

அப்படியும் விடுபட்ட பிள்ளைகளுக்கு 'நான் முதல்வன்' திட்டத்தின் 'உயர்வுக்குப் படி' முகாம்கள் இருக்கின்றன. கல்லூரிகள், வங்கி, வருவாய்த் துறை எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவார்கள். அங்கே பிள்ளையைத் தனியாக அனுப்பாமல் நோட்டோடு நீங்களும் கூடப் போனால் அன்றைக்கே வேலை முடியும்.

பையன் லீவுல பனியன் கம்பெனிக்குப் போனான். சனிக்கிழமையானா கையில காசு வருது. "ஒரு வருசம் போயிட்டு அப்புறம் படிக்கறேன்"ங்கறான். விடலாமுங்களா?
*- தாய், அவிநாசி*

விடாதீர்கள் அம்மா. வாரச் சம்பளம் வீட்டுச் செலவில் கலந்துவிட்டால் அடுத்த வருடம் அதை நிறுத்தவே முடியாது. திருப்பூர் வட்டாரத்தில் இப்படி நின்றுபோன பிள்ளைகள் அதிகம்.

வீட்டுக்கு அந்தப் பணம் அவசியம் என்றால் அவனிடம் சண்டை போடாமல் கணக்கை மாற்றிப் போடுங்கள். அரசுக் கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்கு டியூஷன் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம் மட்டும்தான். அரசுக் கல்லூரி மாணவருக்கு அரசு பஸ் பாஸ் இலவசம். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தாலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்திருந்தாலோ 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் ஏறும். பல அரசுக் கல்லூரிகளில் வகுப்பு இரண்டு ஷிஃப்டாக நடக்கிறது. அரை நாள் வகுப்பு, மீதி நேரம் செக்கிங்கோ பேக்கிங்கோ என்று படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சிரமம்தான், ஆனால் படிப்பு கையை விட்டுப் போகாது. தபால் வழியில் படித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அதற்கு இந்த 1,000 ரூபாய் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

பொண்ணுக்குப் 'புதுமைப் பெண்' பணம் மூணு மாசமா வரல. கூடப் படிக்கறவங்களுக்கெல்லாம் வருது.
*- உடுமலை வாசகி*

புதுமைப் பெண் என்பது தமிழ்ப் புதல்வன் போலப் பெண் பிள்ளைகளுக்கான மாத உதவித்தொகை. பேங்க் கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்து 'சீடிங்' செய்வது வேறு. கிளைக்கே போய் அதற்கான படிவம் கொடுங்கள். பள்ளியில் தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கு பல நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கியிருந்தாலும் பணம் திரும்பிவிடும். பிறகு கல்லூரியில் இந்தத் திட்டத்தைப் பார்க்கும் பேராசிரியரிடம் தகவல் சொல்லச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த ஏஜென்ட் பேச்சைக் கேட்டு ஒரு தனியார் காலேஜில் பத்தாயிரம் கட்டி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் கொடுத்துட்டோம். இப்ப கலந்தாய்வுல நல்ல இடம் வந்திருக்கு. திருப்பித் தரமாட்டேங்கறாங்க.
*- பெருந்துறை வாசகர்*

ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை அதைத் தெளிவாகத் தடை செய்கிறது. பணத்துக்கும் அதில் கணக்கு உண்டு. சேர்க்கைக் கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் சிறு தொகை கழித்து முழுப் பணமும், அதற்குப் பிறகு கடைசி நாளுக்குள் விலகினால் 90 சதவீதமும், கடைசி நாள் தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80 சதவீதமும், முப்பது நாளுக்குள் 50 சதவீதமும் தர வேண்டும். முப்பது நாள் தாண்டினால் ஒன்றுமில்லை. ஆகவே இன்றே எழுதிக் கொடுங்கள். வாயால் கேட்டு நாளைக் கடத்தாதீர்கள். விலகல் கடிதம் இரண்டு பிரதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தக் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நகல் அனுப்புங்கள்.

எஜுகேஷன் லோனுக்கு பேங்க்ல நிலப் பத்திரம் கேக்கறாங்க. எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கர்தான், அதுவும் கூட்டுப் பட்டா.
*- காங்கேயம் விவசாயி*

நான்கு லட்சம் வரை அடமானமும் வேண்டாம், உங்கள் பங்குத் தொகையும் வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பித்தால் பதிவு எண் கிடைக்கும், 'நீங்கள் வரவே இல்லையே' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. 'உங்கள் ஊர் எங்கள் ஏரியா இல்லை' என்று கல்விக் கடனை மறுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் வட்டி மானியம் உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் 7.5 சதவீத ஒதுக்கீடோ அரசுக் கல்லூரியோ கிடைக்க வழி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். கடன் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பர்கூர் மலையில் மலையாளி சமூகப் பிள்ளைகளுக்கு எஸ்.டி. சான்று கிடைப்பதில்லை. சான்று இல்லாமல் என்ன செய்வது?
*- தன்னார்வலர், பவானி*

சேலம், தருமபுரி போன்ற மாவட்டங்களின் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உறவினர் பிள்ளைக்குக் கிடைப்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இல்லை என்பது பெரிய அநீதி. பட்டியலை நாடாளுமன்றம்தான் திருத்த முடியும். அதுவரை பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது.

சாதிச் சான்றைச் சாராத உதவிகளைப் பிடியுங்கள். 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மூன்றும் பள்ளியை வைத்துக் கொடுப்பவை. முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் யாரும் பட்டம் பெறாததை வைத்துக் கொடுப்பது. சாதிச் சான்று வரும் என்று காத்திருந்து விண்ணப்பத் தேதியை விட்டுவிடுவதுதான் மலைப் பகுதியில் அடிக்கடி நடக்கிறது. சான்று கையில் இல்லை என்றால் பொதுப்பிரிவிலாவது விண்ணப்பம் போய்விட வேண்டும்.

பையன் பிசிக்ஸ்ல மட்டும் போயிட்டான். இந்த வருசம் அவ்வளவுதானுங்களா?
*- கரூர் வாசகி*

இல்லை. உடனே துணைத் தேர்வுக்குப் பள்ளி வழியாகப் பணம் கட்டுங்கள். அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கும். அரசுக் கலைக் கல்லூரிகளிலும் காலியிடம் இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். இடையில் பாலிடெக்னிக்கையும் விசாரித்து வையுங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே முதலாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ தேறிவிட்டால் நேரடியாக இரண்டாம் ஆண்டு. சந்தேகம் இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குப் பேசுங்கள். துணைத் தேர்வுக்குக் கட்டணம் கட்ட முடிவு வந்து சில நாட்களே தருவார்கள், நாளை காலையிலேயே பள்ளிக்குப் போய்விடுங்கள்.